மேற்படி புக்கு

ஒன்றிய அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் நாலைந்து பேர், வேலை பார்த்துக்கொண்டே பொது நிர்வாகத்தில் எம்.ஏ. படிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். படியுங்கள், நல்ல படிப்புதான். நானும் படித்தவன்தான். ஆனால் அந்தப் பட்டத்துக்கு என்னென்ன தேவை என்று கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டிருப்பார்களே, அதை இன்றைக்கும் என்னால் முழுசாகப் படிக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன். இதில் என் பெருமை எதுவும் வராது. ஆகவே கொட்டாவி விடாமல் கேட்கலாம்.

அது எழுபதுகளின் பிற்பகுதி. ஜவ்வாது மலையின் மலைக் கிராமங்கள் என் பொறுப்பு. பதவியின் பெயர் விரிவாக்க அலுவலர். வேலையில் பாதி நடை, மீதிப் பாதி நடந்ததை எழுதுவது. மனைவியும் கைக்குழந்தையும் திருப்பத்தூரில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். மாதம் ஒரு முறை போவேன். குழந்தை என்னைப் பார்த்ததும் வீறிட்டு அழும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சிரித்துக்கொண்டே தாவும். எனக்கு அது தாங்கவில்லை. பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் இருந்தால் கீழே சமவெளியில் இருக்கும் பயிற்சி நிலையத்தில் பயிற்றுநர் வேலைக்குப் பெயர் கொடுக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அஞ்சல்வழியில் சேர்ந்துவிட்டேன்.

நிபந்தனைகள் ஒன்று இரண்டல்ல. இளங்கலைப் பட்டம் வேண்டும், இத்தனை ஆண்டு அரசுப் பணி வேண்டும், துறையிலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும், எல்லாத் தாள்களிலும் தேற வேண்டும். அதெல்லாம் முடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது கள ஆய்வுக் கட்டுரையும் அதன்மேல் ஒரு நேர்முகத் தேர்வும். கள ஆய்வுக்கு ஐம்பது குடும்பங்களை நேரில் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு படிவத்திலும் குடும்பத்தில் ஒருவரின் கையெழுத்தோ கைநாட்டோ இருக்க வேண்டும். அதன் கீழே என் மேலதிகாரி சான்றொப்பம் இட வேண்டும். கைநாட்டு இல்லாத படிவம் செல்லாது என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். தடையின்மைச் சான்றோ அந்த ஒரு வருடத்துக்கு மட்டும்தான். தவறினால் மறுபடி கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

நெல்லிவாசல் நாட்டில் (மலையில் பல ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள்) ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுத்தேன். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேர நடை. சரியாக ஐம்பத்திரண்டு வீடு. வசதியாகப் போயிற்று என்று நினைத்தேன், வேறு ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. ஒரு ஸ்டாம்ப் பேடும் படிவக் கட்டுமாக ஏறினேன். இரண்டு நாளில் வேலை முடிந்தது. கேட்டதற்கெல்லாம் "ஆமாங்க" என்றார்கள். திட்டக் கிணறு பயன்படுகிறதா? ஆமாங்க. அலுவலர்கள் அடிக்கடி வருகிறார்களா? ஆமாங்க. முனியம்மாள் என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும், அவள் ஒருத்திதான் கேள்வியைக் காதில் வாங்கிப் பதில் சொன்னாள்.

"கெணறு கீதுங்க சார். தண்ணிதான் இல்ல. அதையும் எழுதிக்கினா எழுதிக்குங்க."

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டேன். பெருவிரலை மையில் ஒற்றிப் படிவத்தில் அழுத்திவிட்டு, "எதுக்கு சார் இது?" என்று கேட்டாள். "மேற்படிப்புக்கும்மா" என்றேன். எல்லாரிடமும் அதையேதான் சொன்னேன். மேற்படிப்புக்கு. உண்மையைச் சொன்ன திருப்தியோடு மலையிறங்கினேன்.

மூன்று வாரம் கழிந்தது. ஐம்பத்திரண்டு படிவத்திலும் என் மேலதிகாரியான பி.டி.ஓ.விடம் சான்றொப்பம் வாங்கி, கட்டுரையோடு சேர்த்துக் கட்டி, மேலே மெழுகுத்துணி சுற்றி வைத்திருந்தேன். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது. அன்று காலை அந்த ஊர்ப் பக்கத்துக்கான நர்ஸம்மா அலுவலகத்துக்குள் வேகமாக வந்தார். என் வயதுக்காரர்தான். அதிகம் பேசமாட்டார், பேசினால் நேராகப் பேசுவார்.

"சார், அந்த ஊர்ல வாந்திபேதி. முதல் மழைத் தண்ணி சுனையில எறங்கிடுச்சு போல. நேத்து ஊசி போடப் போனோம். வூட்டு லிஸ்ட்ட வெச்சுப் பேரு கூப்பிட்டேன். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தரா எழுந்து காட்டுக்குள்ள போய்ட்டாங்க. ஊரே காலி."

பி.டி.ஓ. என்னைப் பார்த்தார். "உன்னைத்தான் அவங்களுக்கு நல்லாத் தெரியுமே. வூடு வூடாப் போய் உக்காந்துட்டு வந்தவன் நீதான். நர்ஸம்மாகூடப் போ. டாக்டர் வேற ஊர்ல இருக்காரு, சாயங்காலத்துக்குள்ள வந்துடுவாரு. அதுவரைக்கும் ஜனங்களை ஊருக்குள்ள கொண்டுவந்து உக்கார வை."

நான் படிவக் கட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் மலையின் மேற்குப் பக்கமாகத் திருப்பத்தூருக்கு இறங்கித் தபாலில் சேர்த்துவிடலாம், குழந்தையையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வாந்திபேதி என்று சொன்ன பிறகும் என் புத்தி அப்படித்தான் ஓடியது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஊருக்குள் நுழையும்போது பத்து மணி. வீடுகள் திறந்து கிடந்தன. கோழிகள்கூட இல்லை, தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரே ஒரு வீட்டில் சின்னப்பொண்ணு என்ற பெண் இருந்தாள். அவள் புருஷன் ஆண்டி தரையில் கிடந்தான். கண் உள்ளே போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. தூக்கிக்கொண்டு போக முடியாததால் அவள் போகவில்லை. நர்ஸம்மா கொண்டுவந்திருந்த சலைன் பாட்டிலைச் சுவரில் ஆணியில் மாட்டி ஊசியை ஏற்றினார். உப்பும் சர்க்கரையும் போட்ட கொதித்து ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார்.

"மத்தவங்க எங்கம்மா?" என்று கேட்டேன்.

சின்னப்பொண்ணு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "மேல சாமைக் கொல்லையில கீறாங்க. அங்கயும் மூணு பேருக்கு ஆவுது. முனியம்மாளுக்குத்தான் ரொம்ப."

"ஏன் ஓடினாங்க? ஊசி போடத்தானே வந்தாங்க?"

"ஊசின்னுதான் சொல்லுவாங்க. எங்க பேரெல்லாம் மேற்படி புக்குல ஏறிடுச்சாமே. நீங்கதான சார் ஏத்தினீங்க?"

எனக்குப் புரியவில்லை. "எந்த புக்கு?"

"மேற்படி புக்குங்க சார். மேற்படி புக்குக்குத்தான் ரேகை வேணும்னு நீங்கதான வாயால சொன்னீங்க."

நர்ஸம்மா கையில் பாட்டில் குழாயோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சின்னப்பொண்ணு சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அந்த மலையில் மேற்படி என்ற சொல் ஒரே ஒரு விதத்தில்தான் வந்து சேர்ந்திருந்தது. எல்லைக்கல் நட வந்த யாரோ ஓர் அதிகாரி முன்பு ஊர் நடுவில் நின்று ஒரு காகிதத்தைப் படித்திருக்கிறார். மேற்படி நிலம், மேற்படி நபர்கள், மேற்படி தேதிக்குள் என்று படித்திருக்கிறார். படித்து முடித்தபோது ஊரின் புளியமரங்களில் பாதி கல்லுக்கு அந்தப் பக்கம் போயிருந்தன. அதற்கும் முன்னால் ரேகை வாங்கியிருந்தார்களாம். அதிலிருந்து மேற்படி என்றால் அங்கே கையைவிட்டுப் போவது என்று அர்த்தம். நான் போய் ஐம்பத்திரண்டு வீட்டிலும் மேற்படிப்புக்கு என்று சொன்னேன். அவர்கள் காதில் மேற்படி புக்கு என்று விழுந்தது. அப்புறம் சந்தையில் யாரோ, ஏறின பேரை ஒருநாள் கூப்பிடுவார்கள், அன்றைக்கு வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நர்ஸம்மா பட்டியலை வைத்துக்கொண்டு பேர் கூப்பிட்டிருக்கிறார்.

சிரிப்பு வர வேண்டிய விஷயம்தான். இப்போது உங்களில் ஒருவர் சிரிப்பது தெரிகிறது. அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

கொல்லை மேட்டுக்கு ஏறினேன். தூரத்தில் என்னைக் கண்டதும் பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு புதருக்குப் பின்னால் போனார்கள். ஊர்க்கவுண்டர் மட்டும் முன்னால் வந்தார். ஊர் அவர் சொன்னபடி நடக்கும். ஐம்பது வயது மனிதர், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பத்தடி தள்ளியே நின்றுகொண்டார்.

"கவுண்டரே, அது புக்கு இல்லீங்க. படிப்பு. நான் படிக்கிற படிப்பு. அதுக்காகத்தான் வாங்கினேன்."

"உங்க படிப்புக்கு எங்க ரேகை எதுக்குங்க சார்?"

கையேட்டில் இதற்குப் பதில் கிடையாது. பிற்பாடு எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன், அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குச் சரியான பதில் தெரியாது. ஏதோ சொன்னேன். நிர்வாகம், ஆராய்ச்சி என்று நாலு வார்த்தை உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"சரிங்க. நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். எங்க ரேகைய எங்ககிட்ட குடுத்துடுங்க. இப்பவே எறங்கி வர்றோம். நோயாளிங்களையும் தூக்கினு வர்றோம்."

என் தோளில் பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மெழுகுத்துணிக்குள் ஐம்பத்திரண்டு ரேகையும் இருந்தன. பட்டம், பயிற்சி நிலையம், திருப்பத்தூர், என்னைப் பார்த்து அழும் குழந்தை, எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

"அது ஆபீஸ்ல இருக்குதுங்க" என்றேன்.

"அப்போ கொண்டாங்க. அதுவரைக்கும் நாங்க இங்கயே கீறோம்."

படிவக் கட்டை எடுத்து நீட்டியிருந்தால் வேலை அந்த நிமிடமே முடிந்திருக்கும். நான் நீட்டவில்லை. பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று என் திறமையின்மேல் ஒரு நம்பிக்கை. கெஞ்சினேன். குலதெய்வத்தின்மேல் சத்தியம் செய்தேன். கிணற்றைத் தூர்வாரித் தருகிறேன் என்றேன். கடைசியில் போலீசைக் கூப்பிடுவேன் என்றுகூட மிரட்டினேன். அதைச் சொன்னதும் பின்னால் நின்றவர்களில் பத்துப் பேர் இன்னும் மேலே காட்டுக்குள் போய்விட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தே முக்கால், பதினொன்று, பதினொன்றேகால். புதருக்குப் பின்னாலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் முதலில் அடிக்கடி கேட்டது. பிறகு குறைந்தது. குறைந்ததை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன் பாருங்கள், அவ்வளவு விவரம் எனக்கு.

நர்ஸம்மா மூச்சிரைக்க மேலே வந்தார். ஆண்டிக்கு நாடி திரும்பிவிட்டதாம். "அங்க சத்தம் அடங்கிடுச்சே, கவனிச்சீங்களா? வாந்தி எடுக்கத் தெம்பு இல்லன்னு அர்த்தம். எங்கிட்ட இன்னும் மூணு பாட்டில் கீது சார். இன்னா கேக்குறாங்க இவங்க?"

"ரேகை வெச்ச பேப்பரைத் திருப்பிக் கேக்குறாங்க."

"எங்க அது?"

நான் வாயைத் திறந்தேன். பொய் வரவில்லை. பையைக் கழற்றிப் பாறைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தேன். அவசரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. பல்லால் கடித்துப் பிரித்தேன். நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார். அவர் அறைந்திருந்தால் தேவலாம்.

பேரைப் படிக்கப் படிக்க ஒவ்வொருவராக வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான், ஆனாலும் தன் ரேகையைக் கண்டதும் தெரிந்துகொண்டார்கள். முதலில் வந்தவர் எச்சிலைத் தொட்டு அழித்துப் பார்த்தார், போகவில்லை. பிறகு ரேகை இருந்த மூலையை மட்டும் நகத்தால் கீறிப் பக்குவமாகக் கிழித்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். மீதித் தாளை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"இத நீங்க வெச்சுக்குங்க சார். படிப்புக்கு வேணுமே."

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அப்படியே செய்தார்கள். மூலை கிழிந்த தாள்கள் என் கையில் சேர்ந்துகொண்டே இருந்தன. கிண்டல் இல்லை, கோபம் இல்லை. அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. பாதி பேர் வாங்குவதற்குள் கவுண்டர், "போதும், தூக்குங்கடா" என்று குரல் கொடுத்துவிட்டார். கம்பளியை மூங்கிலில் கட்டி மூன்று பேரையும் சுமந்துகொண்டு ஊர் முழுக்க இறங்கியது. ஊசி போடச் சொன்ன இடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கை நீட்டச் சொன்னால் நீட்டினார்கள். அதைவிட ஒழுங்கான வரிசையை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

மூன்று பேரில் இரண்டு பேருக்குப் பாட்டில் ஏறியது. முனியம்மாளுக்கு ஏறவில்லை. நர்ஸம்மா இரண்டு கையிலும் குத்திப் பார்த்தார், பாதத்தில் குத்திப் பார்த்தார். நரம்பு வற்றி ஒட்டிப்போயிருந்தது. நான் தலைமாட்டில் உட்கார்ந்து கரண்டியால் தண்ணீர் ஊட்டினேன். அது கடைவாயில் வழிந்தது. உச்சிப் பொழுது தாண்டுவதற்குள் அவள் போய்விட்டாள். மீதிப் பேரும் அதற்குள் தங்கள் ரேகையைக் கிழித்து வாங்கிக்கொண்டிருந்தார்கள், அவள் படிவம் மட்டும் மூலை கிழியாமல் என்னிடம் இருந்தது. கவுண்டர் அதைக் கேட்டு வாங்கி அவள் மடியில் வைத்துவிட்டார்.

"ஒரு மணி நேரம் முன்ன கொண்டாந்திருந்தா நரம்பு அகப்பட்டிருக்கும்" என்றார் நர்ஸம்மா. அவர் அதை எனக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா என்று தெரியாது.

மறுநாள் பி.டி.ஓ. அறிக்கை கேட்டார். அச்சிட்ட அறிக்கைப் படிவத்தில் "காலதாமதம் ஏதுமிருப்பின் அதற்கான காரணம்" என்று ஒரு கலம் இருந்தது. அதில் இப்படி எழுதினேன்: பொதுமக்களின் அறியாமையாலும் ஒத்துழையாமையாலும் சுமார் ஒரு மணி நேரம் தாமதம். பி.டி.ஓ. படித்துவிட்டு, "நல்லா வேலை பண்ணியிருக்கே, பாவம், உன் கட்டுரைதான் போச்சு" என்றார். அவரே மேலே எழுதி எனக்குத் தடையின்மைச் சான்றை இன்னொரு வருடம் நீட்டித்து வாங்கிக் கொடுத்தார். ஆக, அந்தப் பொய்க்குக் கூலியும் கிடைத்தது.

அடுத்த வருடம் வேறு கட்டுரை எழுதினேன். மலைக் கிராமங்களில் நோய்த்தடுப்புப் பணியின் நிர்வாகம் என்று தலைப்பு. என் அறிக்கையையே அதில் பிற்சேர்க்கையாக வைத்தேன். நேர்முகத் தேர்வில் ஒரு பெண் பேராசிரியர் அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐம்பத்திரண்டு குடும்பமும் ஒரே நாள்ல ஊசி போட்டுக்கிட்டதா இருக்கு. ஒத்துழைக்காத ஊர்ல அது எப்படி நடந்தது? இந்த ஒரு மணி நேரம் யார் தயங்கினாங்க?"

ஒரு வருடமாக யாராவது இதைக் கேட்டுவிடுவார்களோ என்று தூக்கமில்லாமல் கிடந்தேன். கேட்டதும் ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

"நான்தாங்க அம்மா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பை தோளில் இருந்ததையும் சொன்னேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தி, அந்த வரியை அடித்துத் திருத்தி எழுதச் சொன்னார். எழுதினேன். பட்டம் கிடைத்தது. பயிற்சி நிலையமும் கிடைத்தது. குழந்தை என்னிடம் வரப் பழகிக்கொண்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் உங்களிடம் இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டேன். நான் திருத்தியது பட்டத்துக்காகக் கொடுத்த பிரதியை. ஒன்றிய அலுவலகத்துக் கோப்பில் என் பழைய வரி அப்படியே இருந்தது. அதைத் திருத்த ஒரு கடிதம் போதும். எழுதினால் விளக்கம் கேட்பார்கள், வேலைக்கு ஆபத்து வரும். அடுத்த மாதம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

எண்பதுகளின் நடுவில் பயிற்சி நிலையத்தில் ஒரு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தை எந்த ஊரில் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. அந்த ஒன்றியத்திலிருந்து வந்த ஓர் இளம் அலுவலர் எழுந்து, "நெல்லிவாசல் பக்கம் அந்த ஊர் வேணாம் சார். நாங்க ஃபைல் பார்த்தோம். ஒத்துழைக்க மாட்டாங்க, பழைய ரிப்போர்ட்லயே இருக்குது. வேற ஊருக்கு எழுதிட்டோம்" என்றார். ரொம்பக் கவனமாகக் கோப்பைப் படித்திருந்தார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

முப்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.